மாதிரித் தாடை

மைக்கக்காவுக்குப் பல்வலி என்பது அவள் வீட்டாருக்கு முன்பே பயணிகளுக்குத் தெரிந்துவிட்டது. ரயில் நிலையத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அறிவிப்பு சொல்வது அவள் வேலை. அவள் முகம் ஊரில் பலருக்குத் தெரியாது, குரல் தெரியாதவர்கள் கிடையாது. மைக் பிடிப்பதால் ஊருக்கு அவள் மைக்கக்கா. அன்று காலை வண்டி ‘புறப்படும்’ என்பதற்குப் பதில் ‘புழப்படும்’ என்று ஒலிபெருக்கியில் வந்தது. அடுத்த வண்டி புறப்படவே இல்லை. அதாவது வண்டி போய்விட்டது, அறிவிப்புதான் வரவில்லை.

உப்புத் தண்ணீர், கிராம்பு எல்லாம் பார்த்தாயிற்று. கணவன் கப்பலில் சமையல்காரன், ஏதோ ஒரு கடலில் இருந்தான். வீட்டில் இருந்தது நாத்தனார். முன்னறையில் பழைய சோபாக்களைப் பிரித்து உறை மாற்றித் தைக்கிறவள். வாயில் ஒரு பிடி ஆணியை அடக்கிக்கொண்டே நாள் முழுக்கப் பேசக்கூடியவள்.

“அண்ணி, இப்படிக் கன்னத்தைத் தாங்கிட்டு உக்காந்திருந்தா பல்லுக்கு இரக்கம் வந்துடுமா? கிளம்புங்க, காட்டிட்டு வந்துடலாம்” என்றாள் நாத்தனார்.

பல் மருத்துவமனை பெரிய கட்டடம். வாசலிலேயே ‘படம் தெளிந்தால் பல் தெளியும்’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். டாக்டர் கூன் விழுந்த நெட்டை மனிதர், நாளெல்லாம் பிறர் வாய்க்குள் குனிந்து அப்படி ஆகிவிட்டவர். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“கீழ் வரிசை, இடது கடைவாய்ப்பல். வேர்ல சீழ் கட்டியிருக்கும்னு நினைக்கிறேன். ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்துட்டு வாங்கம்மா. இன்னிக்கே பிடுங்கிடலாம், நாளைக்கு நிம்மதியா மைக் பிடிக்கலாம்.”

எக்ஸ்ரே அறையில் இருந்த பெண் கனமான ஈயப் போர்வையை மைக்கக்காவின் மார்பில் போர்த்தினாள். பல்லுக்குப் பின்னால் ஒரு சிறு தகட்டைச் செருகி, “கடிச்சுக்கோங்கக்கா, அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தடித்த கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ‘கீச்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பி வந்து திரையைப் பார்த்தவள் நின்ற இடத்திலேயே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்து, “சார், நூறு வந்திருக்கு” என்றாள்.

விஷயம் இதுதான். அந்த மருத்துவமனையில் எடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ரே படத்துக்கும் தரப் பிரிவு மதிப்பெண் போடும். தெளிவுக்கு இத்தனை, கருமைக்கு இத்தனை, பல் நேராக விழுந்திருப்பதற்கு இத்தனை என்று கணக்கு. மதிப்பெண் குறைந்தால் திரும்ப எடுக்க வேண்டும். பலர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு, பல்லை மறந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் நூற்றுக்கு நூறு என்பதை அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் அறை நிறைய ஆட்கள். நடுவில் தரத் தலைவர். குள்ளமான, மிகச் சுத்தமான மனிதர். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. குரலை உயர்த்தாமல் பேசுவார். அவர் குரலைத் தாழ்த்தினால் மற்றவர்கள் மூச்சைத் தாழ்த்துவார்கள்.

“என்ன ஒரு படம்! ஓரம் எல்லாம் கோடு போட்ட மாதிரி. வேர் நுனியில அந்தக் கருமை இருக்கே, கண்ணு பட்டுடும்” என்றார்.

“அது சீழுங்க” என்றாள் மைக்கக்கா, தகட்டைத் துப்பிவிட்டு.

“இருக்கலாம்மா. எங்க பிரிவுல அதுக்குக் கருமைன்னு பேரு.”

“ரொம்ப வலிக்குதுங்க.”

“வலி படத்துல வராது. படத்துல வராததுக்கு நாங்க பொறுப்பேத்துக்க முடியாது” என்றார் அவர், மிகுந்த பரிவோடு.

பிறகு அவரே விளக்கினார். தினமும் காலையில், நோயாளிகள் வருவதற்கு முன், எக்ஸ்ரே மெஷின் சரியாக இருக்கிறதா என்று ஒரு மாதிரித் தாடையைப் படம் எடுத்துச் சோதிப்பது முறை. முதல் நாள் எடுத்த படமும் இன்றைய படமும் ஒன்றுபோல இருந்தால் மெஷின் சரி. இருந்த பிளாஸ்டிக் தாடையின் தரத்தைச் சோதிக்க வெளியே அனுப்பியிருந்தார்கள். அங்கே அதைச் சோதிக்கிற தாடையின் தரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் மெஷின் இப்போது தாடையில்லாமல் தவிக்கிறது.

“நீங்க வந்தது தெய்வச் செயல். இனிமே உங்க தாடைதான் எங்க மாதிரி” என்றார்.

மைக்கக்கா திரும்பி டாக்டரிடம் போனபோது அவர் குறடைக் கையில் எடுத்திருந்தார். மேஜையில் போன் அடித்தது. கேட்டார், “சரிங்க, சரிங்க” என்றார், குறடைக் கீழே வைத்துவிட்டார்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. உபயோகத்துல இருக்கற கருவியைப் பிரிக்கக் கூடாதாம்” என்றார்.

“எந்தக் கருவியைச் சொல்றீங்க?”

டாக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வெள்ளை வண்டி வந்து நின்றது. தினமும் வந்தது. ரயில் நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கை குலுக்கி, “நம்ம ஸ்டேஷனுக்கே பெருமைம்மா. பல்லு குணமாகுற வரைக்கும் நீங்க வேலைக்கு வரவேண்டாம்” என்றார். பல் குணமாகக் கூடாது என்பதுதான் உத்தரவு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அறிவிப்புக்குப் பதில் மணி அடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை சட்டதிட்டத்துக்குள் வந்தது. இடது பக்கம் மெல்லக் கூடாது. சூடாக எதையும் குடிக்கக் கூடாது. மாத்திரை போடவே கூடாது, கருமையின் அளவு மாறிவிடும். ஒவ்வொரு காலையும் ஈயப் போர்வை, தகடு, “அசையாதீங்க.” பிறகு எல்லோரும் பதவி வரிசைப்படி வெளியேறுவார்கள். முதலில் தரத் தலைவர், அடுத்து உதவித் தலைவர், கடைசியில் எக்ஸ்ரே பெண். கதவைச் சாத்துவார்கள். சிவப்பு விளக்கு எரியும். அந்த ஒரு நொடியில் உலகத்தில் தன்னைத் தவிர எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று மைக்கக்காவுக்குத் தோன்றும்.

“இதைத் தினமும் எடுக்கலாங்களா? உடம்புக்கு ஆகுமா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கருவிக்கு ஆகும்மா. நோயாளிக்குத்தான் கட்டுப்பாடு” என்றார் உதவித் தலைவர்.

கன்னம் வீங்கியது. பிறகு வீக்கமே வீங்கியது. நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு தனியார் பல் டாக்டரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனாள். இளைஞர், சுறுசுறுப்பானவர். “ஆ காட்டுங்க” என்றார். மைக்கக்கா காட்டினாள். அவர் விளக்கை அடித்துப் பார்த்தார். அப்படியே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். சுவரில் கண்ணாடி போட்ட ஒரு எக்ஸ்ரே படம், கீழே ‘இதுவே தரம்’ என்று எழுதி. ஊரில் எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கும் எல்லா டாக்டர்களும் தரப் பிரிவின் அனுமதியோடுதான் தொழில் நடத்த வேண்டும். எல்லா மெஷினும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சரிசெய்யப்பட வேண்டும்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“அம்மா, நீங்களா!” என்றவர் உதவியாளரைக் கூப்பிட்டு, “ஓடி வா, நேர்லயே வந்திருக்காங்க” என்றார். இருவரும் கொஞ்ச நேரம் பல்லைத் தரிசித்தார்கள்.

“தரிசனம் போதும், பிடுங்குங்க” என்றாள் நாத்தனார்.

டாக்டரின் முகம் வெளுத்தது. “என்ன வார்த்தைம்மா சொல்றீங்க? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு” என்று கை எடுத்துக் கும்பிட்டார். கதவு வரை வந்து வழியனுப்பினார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்று, அவர்களை யாராவது பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் தலைவர்கள் வெளியேறிய பிறகு எக்ஸ்ரே பெண் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து காதருகில் பேசினாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், என் பேரை வெளிய சொல்லிடாதீங்க. உங்க வேர்ல இருக்கற கறுப்பு நாளுக்கு நாள் பெருசாகுது. ஆனா படம் மொத நாள் மாதிரியே வரணுமாம். அதனால மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமா வெளுக்க வெச்சுட்டே வரோம்.”

“அப்ப என் பல்லு படத்துல நல்லா தெரியுதா?”

“மொத நாள் எப்படியோ அப்படியே தெரியுது.”

“மத்தவங்க பல்லு?”

அந்தப் பெண் போர்வையின் நாடாவை இறுக்கினாள். “மத்தவங்களுக்கு எல்லாம் வெளுத்துடுது. கறுப்பே விழறதில்ல. எல்லாரையும் ஒண்ணுமில்லன்னு அனுப்பிடறோம்.”

வெளியே வரும்போதுதான் மைக்கக்கா காத்திருப்போர் கூடத்தை முதன்முறையாக நன்றாகப் பார்த்தாள். வரிசை வரிசையாக நாற்காலிகள், வரிசை வரிசையாகக் கன்னங்கள். துண்டால் தாடையைக் கட்டிய ஒருவர் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்று, “ராத்திரி தூங்கி ஒரு வாரமாச்சு சார், சும்மா சொல்வேனா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர் திரையை அவர் பக்கம் திருப்பினார். “நீங்களே பாருங்க. பால் மாதிரி இருக்கு. உங்க பேச்சை நம்பறதா, படத்தை நம்பறதா?” துண்டுக்காரர் படத்தைப் பார்த்தார். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தப்புச் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மைக்கக்கா தன் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தன் ஒரு பல்லின் அழுகல் இத்தனை பேர் வாய்க்குள் புகுந்துவிட்டதுபோல இருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஊர் மண்டபத்தில் விழா வைத்தார்கள். மைக்கக்காவை மேடையில், வீங்கிய பக்கம் தெரியாதபடி கொஞ்சம் கோணலாக உட்கார வைத்தார்கள். தரத் தலைவர் எழுந்து, வாசிக்கத் தொடங்கினார்:

“பெரியோர்களே! சென்ற ஆண்டு இந்த நகரில் பாதிப் பேருக்குப் பல்நோய். இன்று ஒருவருக்கும் இல்லை. வேறு ஊர்களில் குறடு, ஊசி, மருந்து என்று பழைய வழிகளில் இதற்கு முயன்று தோற்றார்கள். நாமோ ஒரு பல்லைக்கூடத் தொடவில்லை. தொடாமலேயே சாதித்தோம்! வலி என்று இன்னும் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களையும் நாம் வெறுக்கவில்லை. தரத்தோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள்ளும்வரை காத்திருப்போம்.”

பலத்த கைதட்டல் எழுந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்ததால் மறு கையால் தொடையில்தான் தட்ட முடிந்தது. மண்டபம் முழுக்க ஏதோ கனமானதை இழுத்துச் செல்வதுபோல ஒரு சத்தம் கேட்டது.

விழா முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. வாயைத் திறக்க முடியவில்லை, மூடவும் முடியவில்லை. மறுநாள் வண்டிக்காரர் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிப்போய், படம் எடுத்ததும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார். அன்று மாலை அவள் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது பல் தானாகவே ஆடத் தொடங்கியது.

நாத்தனார் வாயில் இருந்த ஆணிகளை ஒரு கிண்ணத்தில் துப்பினாள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். சுத்தமான துணியை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணி, என்னைப் பாருங்க. திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க.”

“வேண்டாம்டி, அவங்க...”

“அவங்க வாயா இது? உங்க வாய்.”

நாள் முழுக்கப் பழைய மரத்திலிருந்து துருப்பிடித்த ஆணிகளை இழுக்கிற விரல்கள். ஒரே இழுப்பு. சீழும் ரத்தமுமாக இன்னொரு கிண்ணம் நிறைந்தது. மைக்கக்கா ஒரு முறை கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு நாத்தனாரின் மடியில் தலைவைத்து, நேரம் போவது தெரியாமல் தூங்கினாள். அன்றைக்கே காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிட்டது.

காலையில் வண்டி வந்தபோது, போகாமல் இருந்துவிடலாம் என்றாள் மைக்கக்கா. நாத்தனார் கேட்கவில்லை. வெற்றிபெற்றவளின் உற்சாகம் அவளுக்கு. “நாம என்ன திருடினோமா? நானும் வரேன். இந்தாங்க உங்க பல்லு, எங்களை விட்டுடுங்கன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துடலாம்” என்று பல்லைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

வழக்கம்போலப் போர்வை, தகடு, பதவி வரிசை, சிவப்பு விளக்கு. படம் திரையில் வந்தது. பல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. உதவித் தலைவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, தான் அங்கே இல்லாததுபோல நிற்க முயன்றார். எக்ஸ்ரே பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

தரத் தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையில் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“தெளிவு இருக்கு. கருமை இருக்கு. நேராவும் விழுந்திருக்கு” என்றார் கடைசியில். “நூத்துக்கு நூறு.”

“பல்லு இல்லீங்களே சார்” என்றார் உதவித் தலைவர் மெல்ல.

“படத்துல குறை இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப மாதிரி சரியாத்தான் இருக்கு. மாதிரி தப்பா இருக்க முடியாது. தப்பா இருந்தா அது மாதிரி இல்ல.” அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். “ஒரு சரியான தாடையில இந்த இடத்துல பல் கிடையாது. நாமதான் இத்தனை காலமாக் கவனிக்காம இருந்துட்டோம்.”

இதைக் கேட்டதும் நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். வெள்ளை வெளேரென்ற, ஒரு சொத்தைகூட இல்லாத பற்கள்.

தரத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அப்படியே வெச்சுக்கோங்கம்மா, மூடாதீங்க” என்று பூதக்கண்ணாடியோடு அருகில் வந்தார். “அடப்பாவமே. கீழ இடது பக்கம் ஒண்ணு கூடுதலா இருக்கே.”

“அது என் பல்லுங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பயப்படாதீங்க, கொஞ்ச நேர வேலை.” பிறகு உதவித் தலைவரிடம், “மூணாம் அறையைத் தயார் பண்ணச் சொல்லுங்க. வெளிய இருக்கறவங்களையும் ஒவ்வொருத்தரா அனுப்புங்க. ஊர் பூரா இருக்கும் போல இருக்கு” என்றார்.

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். மைக்கக்கா ஈயப் போர்வையைத் தள்ளிவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தாள்.

டோக்கன் கூப்பிடுகிற மேஜையில் ஒரு மைக் இருந்தது. மைக்கக்கா அதைக் கையில் எடுத்தாள். எத்தனையோ நாள் கழித்து வாய் வலிக்காமல் திறந்தது. பழக்கதோஷம், நாக்கு தானாகவே தொடங்கியது:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இங்கே நல்ல பற்களைப் பிடுங்கப் போகிறார்கள். யாரும் மூன்றாம் அறைக்குப் போக வேண்டாம். மூன்றாம் அறைக்குப் போக வேண்டாம். உடனே எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுங்கள்.”

கூடம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. ஊர் அறிந்த குரல். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்கூட அங்கே இருந்தார்கள். அந்தக் குரல் எதைச் சொன்னாலும் பிளாட்பார எண்ணை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டு ஓடிப் பழகியவர்கள் எல்லோரும்.

“மூணாம்? மூணுன்னா சொன்னாங்க?” என்றார் மறுபடி வந்திருந்த துண்டுக்காரர்.

“மூணுதான், மாத்திட்டாங்க போல” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

அவ்வளவுதான். நாற்காலிகள் நகர்ந்தன. பைகள் எழுந்தன. “தள்ளுங்க, தள்ளுங்க, வழி விடுங்க” என்று கூட்டம் முழுவதும் முண்டியடித்து மூன்றாம் அறைப் பக்கம் நகர்ந்தது. “போகாதீங்க!” என்று மைக்கக்கா கத்தினாள். மைக்கை வாயருகே கொண்டுபோகாமலே கத்தினாள். குரலைக் கேட்டு, பின்னால் இருந்தவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள்.

தரத் தலைவர் வாசலில் வந்து நின்று பார்த்தார். கூட்டம் தானாகவே வரிசையானது. முதல் ஆளாகத் துண்டுக்காரர், கட்டை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“பிரமாதம்மா” என்றார் தலைவர். “உங்களை நாங்க இத்தனை நாள் சரியாப் பயன்படுத்தவே இல்ல.”

நாத்தனார்தான் முதலில் சுதாரித்தாள். அண்ணியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி மேஜையில் போட்டுவிட்டு, கூட்டத்துக்கு எதிராக இருவரும் நெருக்கியடித்து வெளியே வந்தார்கள். மூன்றாம் அறையின் கதவு திறக்கும் சத்தம் பின்னால் கேட்டது. தெருவில் வேகமாக நடந்தார்கள். நாத்தனார் உதடுகளை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தெரிந்தவர்கள் எதிரே வந்து நலம் விசாரித்தபோதும் தலையை மட்டும் ஆட்டினாள். விசாரித்தவர்கள் நிற்கவில்லை. அவர்கள் எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.